வீட்டில் சொல்லாததை விசாவில் சொல்வது

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் இருவரில் ஒருவருக்கு வேலை விசா இருக்கிறது. மற்றவரையும் அதே விசாவில் சேர்க்க முடியுமா? ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை முடியும். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள். எல்லாருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் குரல் தாழ்த்த வேண்டிய விஷயம் எதுவும் இதில் இல்லை. தயக்கம் எல்லாம் நாம் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்தது. அந்தத் தயக்கம்தான் விண்ணப்பத்தையும் கெடுக்கிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே குடியேற்ற ஆலோசனை சொல்லப் பதிவுபெற்ற ஏஜென்டுக்கும் வழக்கறிஞருக்கும்தான் உரிமை. நான் இரண்டும் இல்லை. மெல்பர்னில் 482 என்ற, வேலை தரும் நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவில் இருந்துகொண்டு, படிப்பு முடித்து விசா முடியும் தறுவாயில் இருந்த என் துணையை அதில் சேர்த்தவள், அவ்வளவுதான். உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்பதைத் தகுதி உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே இந்த உறவுக்கு 'டி ஃபேக்டோ' என்று பெயர். 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 5சிபி என்ற பிரிவு அதை வரையறுக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டிருக்கக் கூடாது. மற்ற யாருக்கும் இடமில்லாமல், வாழ்க்கையை ஒன்றாக நடத்துவது என்ற உறுதி இருவருக்கும் இருக்க வேண்டும். உறவு உண்மையானதாக, தொடர்ந்து நடப்பதாக இருக்க வேண்டும். ஒன்றாக வாழ வேண்டும், அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழாமலாவது இருக்க வேண்டும். ஆண், பெண் என்ற ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே பாலினத்தவருக்கும் இதே வரையறைதான். நெருங்கிய ரத்த உறவாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அதைப் பார்த்துப் பயந்து ஒரு பெண் என்னிடம் கேட்டாள், அவள் துணை சொந்த அத்தை மகன். சட்டம் அங்கே சொல்வது பெற்றோர், பிள்ளை என்ற நேர்வழி உறவையும் உடன்பிறப்புகளையும் தான். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் தடை இல்லை.

பல விசாக்களுக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களாவது இந்த உறவில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். காதலித்த காலமும் ஆன்லைனில் பழகிய காலமும் கணக்கில் வராமல் போகலாம் என்று குடியேற்றத் துறையே எழுதி வைத்திருக்கிறது. காலேஜில் இருந்தே பழக்கம், ஏழு வருஷக் காதல் என்று சொல்வது கதைக்கு நன்றாக இருக்கும். அதிகாரிக்கு வேண்டியது எந்தத் தேதியிலிருந்து ஒரே குடும்பமாக வாழ ஆரம்பித்தீர்கள் என்பது.

சரி, அதை எப்படி நிரூபிப்பது? விதிமுறை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது. பணம், வீடு, வெளியுலகம், ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள உறுதி.

பணம் என்றதும் எல்லாரும் ஓடிப்போய் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திறந்து, ஆளுக்கு நூறு டாலர் போட்டு வைத்த அக்கவுன்ட் எதையும் சொல்லாது. எங்களுக்குக் கைகொடுத்தது சாதாரண பணப் பரிமாற்றங்கள். மாதா மாதம் என் துணை எனக்கு அனுப்பிய தொகைகளில் குறிப்பு எழுதும் இடத்தில் 'வாடகை', 'கரன்ட் பில்', 'டான்டினாங் மளிகை' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார். ஒரு இடத்தில் 'இட்லி அரிசி' என்று இருந்தது. யாருக்கும் காட்டுவதற்காகப் போட்டதில்லை, கணக்கு மறக்காமல் இருக்கப் போட்டது. ஏஜென்ட் அந்த வங்கி அறிக்கையைத்தான் முதலில் எடுத்து மேலே வைத்தார். அப்புறம் சூப்பர் என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், நான் இறந்துபோனால் பணம் யாருக்கு என்ற இடத்தில் அவர் பெயர், அவர் கணக்கில் என் பெயர். டி ஃபேக்டோ துணையை அப்படி நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. நம்மில் பலர் அந்தப் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை, இல்லையென்றால் வழக்கமாக அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம்.

வீடு என்பதில் வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் வரும் பில், யார் சமைப்பது, யார் துணி துவைப்பது என்பது வரை வரும். ஆமாம், வீட்டு வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்பதும் விதிமுறையிலேயே இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணச் சான்றிதழ் காட்டுகிறவர்களிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு உரக்க யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, வெளியுலகம். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் இருவரும் ஜோடி என்று மற்றவர்களுக்குத் தெரியுமா, நண்பர்களும் குடும்பமும் என்ன நினைக்கிறார்கள், இருவராகச் சேர்ந்து எங்கெல்லாம் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் அண்ணன் எதையாவது பார்த்துவிடுவான். தபால் எல்லாம் நண்பன் வீட்டு முகவரிக்கு. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டோ போட்டால் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக விலக்கிவிட்டுப் போடுவது. அம்மா வீடியோ காலில் வந்தால் ஒருவர் பால்கனிக்குப் போய் நிற்பது, மெல்பர்ன் ஜூலைக் குளிரில். "கண்ணு, பின்னால யாரு பேசறது?" என்று என் அம்மா கேட்டால், "டிவிம்மா". திருப்பூரில் இருக்கும் அம்மாவுக்கும் நாகர்கோவிலில் இருக்கும் என் துணையின் அப்பாவுக்கும் தெரியாமல் இருக்க என்னென்ன செய்தோமோ, அது ஒவ்வொன்றும் அதிகாரிக்கு வேண்டிய ஒரு சான்றைத் துடைத்துவிட்டது.

இதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வேறு சாதியில் பிறந்த இருவர் தமிழ்நாட்டில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். அந்த சிசிடிவி காட்சியை நாம் எல்லாரும் பார்த்தோம். எங்கள் வீடுகளில் அப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும், அதைப் பார்த்த பிறகு 'நம் வீட்டில் நடக்காது' என்று முழு உறுதியாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

எங்கள் ஏஜென்ட் இலங்கையிலிருந்து வந்து இங்கே பல வருஷமாக இருப்பவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மறைத்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இதையெல்லாம் ஒளிக்காதேங்கோ தங்கச்சி. ஏன் ஒளிச்சு வாழ்ந்தனீங்கள் எண்டதையே எழுதுங்கோ." விதிமுறை நான்கு பக்கங்களையும் பார்க்கச் சொல்கிறது, அதோடு உறவின் எல்லாச் சூழ்நிலைகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அதுவே முடிவு இல்லை. ஏன் மெலிந்திருக்கிறது என்று காரணத்தோடு சொன்னால் அதுவும் சூழ்நிலையின் பகுதிதான்.

இருவரும் தனித்தனியாக ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எப்படிச் சந்தித்தோம், எப்போது ஒரே வீட்டுக்கு வந்தோம், அடுத்து என்ன திட்டம். என் அறிக்கையில் பாதிக்கு மேல் குடும்பத்துக்கு ஏன் தெரியாது என்பதுதான். சாதி என்றால் என்ன, எங்கள் இரண்டு ஊர்களிலும் அது எப்படி வேலை செய்கிறது, பெண் வீட்டில் தெரிந்தால் முதலில் என்ன நடக்கும் என்று, ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் புரியும்படி எழுதினேன். உடுமலைப்பேட்டை பற்றிய செய்தியையும் இணைத்தேன். வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அதே பத்தியில் சொன்னேன். அந்த அறிக்கையைப் போல மனம் திறந்து நான் வேறெதையும் எழுதியதில்லை.

வெளியுலகத்துக்குச் சாட்சி சொல்ல ஃபார்ம் 888 என்று ஒன்று உண்டு. உங்களைத் தெரிந்தவர்கள், 18 வயது ஆனவர்கள், இந்த உறவு உண்மை என்று தாங்கள் நம்புவது ஏன் என்று எழுதுவது. ஆஸ்திரேலியக் குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் துணையாக வாங்கும் பார்ட்னர் விசாவுக்கு அது கட்டாயம்போல. மற்ற விசாக்களுக்கும் அதைச் சேர்ப்பது வழக்கம். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலையாதீர்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டி. குப்பைத் தொட்டி வெளியே வைக்கும் இரவில் அவருடையதையும் சேர்த்து என் துணை தள்ளிக்கொண்டு போய் வைப்பதையும், மறுநாள் காலை நான் உள்ளே இழுத்து வைப்பதையும் எழுதியிருந்தார். அவர் வீட்டு எலுமிச்சையைப் பறித்து எங்களுக்குத் தருவார், ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் திருப்பித் தருவோம், அதுவும் இருந்தது. 'இவர்கள் கணவன் மனைவி என்றுதான் நான் நினைத்திருந்தேன்' என்ற ஒரு வரி வேறு.

குடும்பத்திலிருந்து ஒரே ஒரு ஆள் இருந்தார், என் துணையின் அக்கா. அவருக்கு மட்டும் தெரியும். தமிழில்தான் எழுதுவேன் என்று நோட்டுத் தாளில் நீல மையில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினார். 'என் தம்பி இந்தப் பிள்ளையோடுதான் குடும்பம் நடத்துகிறான். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் போன் பண்ணிச் சொல்வது அவள்தான். அப்பாவிடம் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை, அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.' இங்கே ஆங்கிலம் அல்லாத ஆவணம் எதுவானாலும் மொழிபெயர்ப்பு வேண்டும், 'நாட்டி' (NAATI) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தால் பிரச்சினை இல்லை. அக்காவின் கடிதம் முத்திரையோடு ஆங்கிலத்தில் வந்தபோது படித்துவிட்டு என் துணை அழுதுவிட்டார்.

நம் நாட்டில் இதெல்லாம் கேள்விப்படாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் குஷ்பு வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி, பச்சையம்மாள் வழக்கில், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி 'கல்யாணத்தைப் போன்ற உறவு' என்பது எது என்று நிபந்தனைகள் வகுத்தது. சமூகத்தின் முன்னால் கணவன் மனைவியைப் போலத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மெல்பர்னில் கேட்கும் அதே கேள்வி. வெளியே சொல்ல முடியாத ஜோடிகளை அந்த நிபந்தனை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் வதைக்கிறது.

இன்னொரு பள்ளத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய படிவங்கள். இதற்கு முன்னால் விசாவுக்கு விண்ணப்பித்தபோது உறவு நிலை என்ற இடத்தில் என்ன போட்டீர்கள்? சேர்ந்து வாழ ஆரம்பித்த பிறகும் 'தனி' என்று போட்டிருந்தால், இப்போது 'அப்போதே டி ஃபேக்டோ' என்று சொல்லும்போது இரண்டும் முட்டும். அதிகாரி பழைய கோப்பைத் திறந்து பார்ப்பார். மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. துணையை முதல் விண்ணப்பத்திலேயே அறிவிக்க வேண்டும், உடன் வராவிட்டாலும் அறிவிக்க வேண்டும். அப்போது இருந்த உறவை விட்டுவிட்டுப் பின்னால் சேர்க்கப் போனால் அது மறுக்கப்பட இடம் உண்டு. ஏஜென்ட் ஆபீஸில் யாரோ அவசரத்தில் 'சிங்கிள்' என்று டிக் அடிப்பார்கள், நாமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று வாய் திறக்க மாட்டோம். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கட்டத்தையாவது நீங்களே பாருங்கள்.

482 விசாவில் துணையைப் பின்னால் சேர்க்க, வேலை தரும் நிறுவனம் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஸ்பான்சர் என்ற முறையில் தங்களுக்குள்ள கடமைகள் இந்த நபருக்கும் பொருந்தும் என்று அவர்கள் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் கேட்க எச்.ஆர். மேஜைக்குப் போன அன்று எனக்கு வியர்த்துவிட்டது. என்ன கேட்பார்களோ, எப்படிப் பார்ப்பார்களோ என்று. அந்தப் பெண்மணி "ஸ்பௌஸா, டி ஃபேக்டோவா?" என்று கேட்டார், பெயரையும் பிறந்த தேதியையும் டைப் அடித்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். என் உறவைப் பற்றி அவ்வளவு சாதாரணமாக ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. லிஃப்ட் வருவதற்குள் என் துணைக்கு மெசேஜ் போட்டேன்.

12 மாதம் நிறைவாகாதவர்களுக்கும், காகிதம் குறைவாக உள்ளவர்களுக்கும் உறவுப் பதிவு என்று ஒரு வழி இருக்கிறது. விக்டோரியாவில் 2008ஆம் ஆண்டு உறவுகள் சட்டப்படி, பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தில் இருவரும் சேர்ந்து வாழ்பவர்கள் என்று பதிவு செய்துகொள்ளலாம். நியூ சௌத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை, பெர்த்தில் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. பதிவு இருந்தால் 12 மாத நிபந்தனையிலிருந்து விலக்கு. ஆனால் உறவு உண்மையானது என்பதற்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது. நான்கு பக்கமும் அப்போதும் பார்ப்பார்கள். விக்டோரியாவில் பதிவுக்கு 28 நாள் காத்திருப்பும் உண்டு, அதனால் விசா முடியப்போகும் வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

மற்றது எல்லாம் வழக்கமான வேலை. பெரியவர் ஒருவருக்கு 3,000 டாலருக்கு மேல் விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு. உள்நாட்டிலிருந்தே விண்ணப்பித்தால் பழைய விசா முடிந்த பிறகு, முடிவு வரும் வரை தங்க வைக்கும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கலாம். 'ஏ' வகை பிரிட்ஜிங் விசாவோடு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது, 'பி' வகை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாட்டி இறந்த சேதி கேட்டு விமான நிலையம் வரை போன பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். வேலை செய்யலாமா என்பதையும் அந்த விசாக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளில் பாருங்கள்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தில் கல்யாணத்தைப் போன்ற உறவு 2 ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். கனடாவில் குறைந்தது ஓர் ஆண்டு தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், அங்கே துணையை அறிவிக்காமல் பி.ஆர். வாங்கினால் பின்னால் குடும்ப ஸ்பான்சரில் அவரைக் கொண்டுவருவது ஏறக்குறைய அடைபட்டுப்போகும். துபாயில் இருப்பவர்கள் துணையைக் குடும்ப விசாவில் சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் இல்லாமல் முடியாது.

'இவ்வளவு பாடு படுறதுக்குப் பதிலா ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிடலாமே' என்று நண்பர்கள் சொல்வார்கள். இருவருக்கும் கல்யாணம் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இங்கே திருமணம் நடத்தி வைப்பவரிடம் ஒரு மாதத்துக்கு முன் நோட்டீஸ் கொடுத்தால் போதும், ஊரில்போல அதை ஆபீஸ் சுவரில் ஒட்ட மாட்டார்கள். ஆனால் விசாத் தேதி நெருங்குகிறதே என்பதற்காகக் கல்யாணம் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணம் செய்தாலும் உறவு உண்மையா என்று கேட்கத்தான் செய்வார்கள். நாளைக்குச் சரிவரவில்லை என்றால் விவாகரத்துக்கு இரண்டு நாட்டிலும் அலைய வேண்டியிருக்கலாம். எங்களுக்கு நாங்கள் இருந்த நிலைமையையே நேராகச் சொல்லும் ஒரு வழி இருந்தது, அதைப் பயன்படுத்தினோம்.

கடைசியாக, துணையாகச் சேர்க்கப்படுகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விசா இன்னொருவர் விசாவில் தொங்குகிறது. உறவு முறிந்தால் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விசாவும் நிற்காமல் போகலாம். பார்ட்னர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு விதிகள் தற்காலிக வேலை விசாவில் துணையாக வந்தவர்களுக்கு அதே அளவில் கிடையாது. 'நான்தான் உன்னை இங்க வெச்சிருக்கேன்' என்று யாராவது மிரட்டினால், விசா போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். குடும்ப வன்முறை உதவிக்கான 1800 737 732 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். உங்களுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும், ஜாயின்ட் அக்கவுன்ட் அதற்குப் பதில் ஆகாது. விண்ணப்பத்தில் கொடுத்த ஒவ்வொரு தாளின் நகலையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு ஒருமுறை அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.